சிவப்பு ஊசி வந்த வழி

அந்த ஊசி போட்ட அன்றைக்கும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது இரத்தமில்லை, மருந்தின் நிறம். முதலே சொல்லி அனுப்பினால் நோயாளி பயப்பட மாட்டார். சொல்ல மறந்துவிட்டால், லயத்துக் கக்கூஸில் நடுச்சாமத்தில் டோர்ச் வெளிச்சத்தில் அதைப் பார்க்கிற பெண் தன் கதை முடிந்தது என்றே நினைத்துவிடுவார். சிவப்பு ஊசி, சிவப்பு மருந்து என்றுதான் சனங்கள் அதைச் சொல்கிறார்கள். மருந்துச் சீட்டில் அதன் பெயர் டொக்சோரூபிசின். பழைய டொக்டர்கள் இன்னும் அட்ரியாமைசின் என்பார்கள். மார்புப் புற்றுநோய்க்கும், நிணநீர்ப் புற்றுநோய்க்கும், பிள்ளைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோய்க்கும் அரை நூற்றாண்டாக இதைக் கொடுக்கிறார்கள். இது இல்லாவிட்டால் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள் என்று சொல்லத்தக்கவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நம் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள்.

இதே மருந்து சிலருடைய இதயத்தைப் பழுதாக்கிவிடுகிறது. சில வேளை சில மாதங்களில், சில வேளை பத்து இருபது வருடம் கழித்து. எங்கோ ஒரு மண்ணில் பிறந்த இந்தச் சிவப்பு, இலங்கையின் டயகம மலையில் கொழுந்து எடுக்கிற ஒருவருடைய நெஞ்சுவரை எப்படி வந்து சேர்கிறது, வந்த பிறகு அங்கே என்ன செய்கிறது என்பதைத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல நாள் எண்ணம்.

வெயில் காய்ந்த மலையில் மழை விழுந்தவுடன் ஒரு மண்வாசம் எழும்புமே, அங்கிருந்தே தொடங்கலாம். அந்த வாசத்துக்குக் காரணமான பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பெயர். மண்ணுக்குள் நூல்நூலாகப் படர்ந்து வாழ்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்க் குடும்பம்தான் அதைப் பெரும்பாலும் உண்டாக்குகிறது. மண்ணுக்குள்ளும் இடத்துக்கும் இரைக்கும் ஓயாத அடிபிடி. ஒன்றை ஒன்று விரட்ட ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விஷத்தைக் காய்ச்சி வைத்திருக்கிறது. 1943ல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் இந்தக் குடும்பத்து நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு மருந்து கிடைத்தது. அதன் பிறகு மருந்துக் கம்பனிகள் நாடு நாடாக மண் அள்ளத் தொடங்கின. மிலான் நகரத்து ஃபார்மித்தாலியா கம்பனியும் அப்படி அள்ளியது.

இத்தாலியின் தெற்கே அபூலியா என்ற பகுதியில் ஒரு குன்றின் உச்சியில் எட்டுப்பட்டைக் கோட்டை ஒன்று நிற்கிறது. பெயர் காஸ்டெல் டெல் மொன்டே. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடரிக் என்ற பேரரசர் கட்டியது. இத்தாலியின் ஒரு சென்ட் யூரோ நாணயத்தில் அந்தக் கோட்டைதான் இருக்கிறது. 1950களில் அதைச் சுற்றியிருந்த மண் மிலானுக்குப் போனது. அதில் வளர்ந்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பளிச்சென்ற சிவப்புச் சாயத்தைக் கக்கியது. அந்தச் சாயம் எலிகளின் கட்டிகளைக் கரைத்தது. அதே காலத்தில் பிரான்சில் ரோன் பூலாங் கம்பனிக்காரரும் அதே பொருளைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். இத்தாலியர் அபூலியாவில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த டௌனி என்ற குடியின் பெயரை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் மாணிக்கக் கல்லின் நிறத்தை வைத்தார்கள். இரண்டையும் சேர்த்து டௌனோரூபிசின் என்று ஆனது. ஒரு மருந்தின் பெயருக்குள் மறைந்துபோன ஒரு குடியும் ஒரு இரத்தினக் கல்லும் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இரத்தினபுரியைத் தாண்டிப் போகிற நாட்டுக்காரருக்கு மாணிக்கச் சிவப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1960களில் அதை இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் பின்வாங்கியது. அக்காலத்தில் அந்த நோய் வந்தால் பிள்ளை தப்பாது என்பதே விதியாக இருந்தது. அதனால் அந்த வார்டுகளில் இருந்த மகிழ்ச்சியை நம்மால் ஊகிக்க முடியும். ஆனால் புற்றுநோய் அடங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளில் சிலர் மூச்சு முட்டி, இதயம் தளர்ந்து இறந்துபோனார்கள். நியூயோர்க்கில் ஷார்லட் டான் என்ற குழந்தைப் புற்றுநோய் மருத்துவரும் குழுவினரும் 1967ல் வெளியிட்ட அறிக்கையில் இந்த இதயப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. இந்த மருந்தின் நன்மையும் தீமையும் ஏறக்குறைய ஒன்றாகவே வெளியே வந்தன. தெரியாமல் நடந்தது என்று பின்னால் வந்த யாரும் சொல்ல இடமில்லை.

மிலான்காரர் விடவில்லை. அந்த நுண்ணுயிரை இரசாயனம் கொண்டு மரபு மாற்றி, புது வகை ஒன்றை வளர்த்தார்கள். அது கொடுத்த சாயமும் சிவப்புத்தான்; பழையதைவிட ஒரே ஒரு ஒட்சிசன் அணு அதிகம். ஆனால் அது மேலும் பல வகைக் கட்டிகளில் வேலை செய்தது. ஃபெடரிக்கோ ஆர்க்கமோனேயின் குழு 1969ல் அதை உலகுக்கு அறிவித்தது. பக்கத்துக் கடலான அட்ரியாட்டிக்கின் பெயரால் அட்ரியாமைசின் என்றார்கள். அதே மிலானின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஜானி பொனடோனா என்ற மருத்துவர் அதை முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974ல் அமெரிக்கா அனுமதித்தது. இதயத்துக்குச் செய்யும் தீமை இதில் குறையும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் நிறைவேறவில்லை.

அதன் பிறகு எண்ணத் தொடங்கினார்கள். 1973ல் லெஃப்ராக் என்பவரின் குழு 399 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்துவிட்டு ஓர் எல்லையைச் சொன்னது: உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 550 மில்லிகிராம், வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து. 1979ல் வொன் ஹொஃப் என்பவர் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைத் திரட்டினார். 400 மில்லிகிராமில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இதயச் செயலிழப்பு, 550ல் ஏழு பேருக்கு, 700ல் பதினெட்டுப் பேருக்கு. 2003ல் சாண்ட்ரா ஸ்வெய்ன் இன்னும் நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்ட நோயாளிகளை வைத்துக் கணக்குப் பார்த்தபோது 400ல் ஐந்து, 550ல் இருபத்தாறு என்று வந்தது. மருந்து அதேதான். இந்த முறை கூர்ந்து பார்த்தார்கள், அதனால் முன்பு கண்ணில் படாதவர்களும் பட்டார்கள். எங்கள் ஊருக்கு இந்த இடம் முக்கியம். பார்க்காத இடத்தில் நோய் இல்லை என்று ஆகாது.

'வாழ்நாள் முழுவதற்கும்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் செக்ரோல் மாதம் ஒருமுறை முடியும். எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) போட்டோம், எத்தனை அரைப்பேர், எத்தனை கிலோ கூடுதல் என்று கூட்டிச் சம்பளம் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் புதுத் தாள். இதயம் வைத்திருக்கிற செக்ரோலுக்கு மாதமுடிவு கிடையாது. முப்பது வயதில் சதுர மீட்டருக்கு என்று ஏறிய 240 மில்லிகிராம் ஐம்பது வயதிலும் 240ஆகவே நிற்கும். நோய் திரும்பி வந்து மறுபடி இந்த மருந்து கொடுக்க நேர்ந்தால், பழைய கணக்கின் மேல்தான் புதுக் கணக்கு ஏறும்.

ஏன் இதயம்? புற்றுநோய் உயிரணு ஓயாமல் பிரிந்து பெருகுகிறது. பிரியும்போது முறுக்கிக் கிடக்கிற மரபிழையை அவிழ்க்க டோபோஐசோமரேஸ் என்ற நொதி வேண்டும்; இழையை வெட்டி, முறுக்கு எடுத்து, திரும்ப ஒட்டும். டொக்சோரூபிசின் இழையின் படிகளுக்கு இடையே செருகிக்கொண்டு, வெட்டிய இடத்தை ஒட்டவிடாமல் செய்கிறது. அணு சாகிறது. முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் இதனால்தான். அங்கும் அணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன. ஆனால் முடி திரும்ப முளைக்கிறது. இதயத் தசை அப்படி முளைப்பதில்லை. 2009ல் ஸ்டொக்ஹோமில் ஒரு குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கரிமத்தை அடையாளமாக வைத்துக் கணக்கிட்டது: இருபத்தைந்து வயதில் ஒரு வருடத்துக்கு நூற்றுக்கு ஒரு இதயத் தசை அணுதான் புதிதாக உண்டாகிறது, வயது ஏற ஏற அதுவும் பாதியாகிறது. பிறந்தபோது கொண்டுவந்த தசையில் பெரும்பகுதியோடுதான் முழு வாழ்நாளும் ஓட வேண்டும்.

பிரியாத அணுவை இந்த மருந்து ஏன் தொடுகிறது என்பது நீண்ட நாள் புதிர். மருந்து இரும்போடு சேர்ந்து காரமான ஒட்சிசன் துணுக்குகளை உண்டாக்குகிறது, அவை தசைக்குள் இருக்கிற மின்கலம் போன்ற மைட்டோகொண்ட்ரியாக்களை எரிக்கின்றன என்று முதலில் விளக்கினார்கள். 2012ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் எட்வர்ட் யேயின் குழு இன்னொரு கதவைத் திறந்தது. அந்த டோபோஐசோமரேஸ் நொதியில் இரண்டு வகை உண்டு. புற்றுநோய் அணுவில் மிகுந்திருப்பது ஆல்ஃபா. பிரியாமல் உழைத்துக்கொண்டே இருக்கிற இதய அணுவில் இருப்பது பீட்டா. மருந்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியவில்லை. இதயத்திலிருந்து பீட்டாவை நீக்கிய எலிகளுக்கு மருந்து ஏறியபோது இதயம் பெருமளவு தப்பியது. பாதுகாப்புக்கென்று டெக்ஸ்ராசோக்சேன் என்ற மருந்து 1995லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லா நாட்டிலும் எல்லாருக்கும் கிடைக்கிற மருந்தாக அது இன்னும் ஆகவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கொடியது. 1991ல் ஸ்டீவன் லிப்ஷுல்ட்ஸ், இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட 115 பிள்ளைகளைப் பரிசோதித்தார். பாதிப் பேருக்கு மேல், நூற்றுக்கு 57 பேருக்கு, இதயத்தில் கோளாறு தென்பட்டது. சுவர் மெலிந்திருந்தது, உடம்பு வளர்ந்த அளவுக்குத் தசை வளரவில்லை. ஏழு வயதில் குணமாகி வந்த பெண் பிள்ளை, இருபத்தைந்து வயதில் வயிற்றில் பிள்ளையோடு கிளினிக்குக்குப் போகிறாள். கர்ப்பம் இதயத்துக்குப் பெரிய சுமை. மருத்துவச்சி கேட்கிற கேள்விகளில் 'சின்ன வயதில் கென்சருக்கு ஊசி போட்டதா' என்பது இல்லாவிட்டால், அந்தப் பழைய சிவப்பு யாருக்கும் தெரியாமலே அவளோடு பிரசவ அறைக்குள் போகும்.

இனி மருந்து கடல் தாண்டி வரட்டும். கண்டுபிடித்த கம்பனி கைமாறிக் கைமாறி, கடைசியில் 2003ல் ஃபைசருக்குள் போய்ச் சேர்ந்தது. காப்புரிமை முடிந்தபின் பல நாடுகளில் காய்ச்சுகிறார்கள். இலங்கை தன் மருந்துகளில் பெரும்பகுதியை வெளியே இருந்துதான் வாங்குகிறது. அதில் இந்தியாவின் பங்கே பெரியது. எங்கள் பாட்டன் பூட்டன் வந்த அதே கடலைத் தாண்டித்தான் பெரும்பாலான மருந்தும் வருகிறது. பேராசிரியர் சேனக பிபிலே 1971ல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கினார். கம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல் மருந்தின் பொதுப் பெயரால் மலிவாக வாங்குவது அவர் காட்டிய வழி. அந்த வழி இருந்ததால்தான் ஒரு தோட்டத் தொழிலாளியின் கையில் இப்படிப்பட்ட மருந்து காசில்லாமல் ஏறுகிறது. இதைச் சொல்லும்போது எனக்குள் நன்றி இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 2022ல் டொலர் தீர்ந்தபோது மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலேயே புற்றுநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. டீசல் இல்லாமல் பஸ்ஸும் குறைந்த மாதங்கள் அவை. அப்போதுதான் இந்தச் சிவப்புத் திரவத்துக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட சங்கிலி இருக்கிறது என்று நாட்டுக்கே தெரிந்தது.

டயகமவிலிருந்து போகிற ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். நாற்பத்தைந்து கிலோ எடை, ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. மார்பில் கட்டி. இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் அதுதான். டயகமவில் விடியுமுன் பஸ் ஏறி, அக்கரப்பத்தனை, லிந்துலை தாண்டித் தலவாக்கலைக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து ஹட்டன். பிறகு கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று மலை கழன்று கழன்று வெக்கை ஏறும். ஹைலெவல் ரோட்டில் மஹரகம. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் உண்டு. எப்படிப் போனாலும் ஒரு நாளைக்கு ஒரு பேர் போயிற்று. கூடப் போகிறவருடைய பேரும் சேர்ந்து போயிற்று.

அவருடைய உயரத்தையும் எடையையும் வைத்து உடற்பரப்பைக் கணக்கிடுகிறார்கள்: ஏறக்குறைய 1.37 சதுர மீட்டர். மார்புப் புற்றுநோய்க்கு வழக்கமான ஒரு முறையில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம். அப்படியானால் ஒரு தடவைக்கு 82. மில்லிலீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் என்று கரைந்திருக்கிற மருந்தில் அது 41 மில்லிலீட்டர். நரம்பில் சேலைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசியால் மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். துளி வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை. சதுர மீட்டர்க் கணக்கில் மொத்தம் 240. லெஃப்ராக் சொன்ன எல்லையில் பாதிகூட இல்லை. இந்த அளவில் பெரும்பாலானவர்களுக்கு இதயம் நன்றாகவே இருக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியை மறுத்துவிடக் கூடாது என்பதற்காக அழுத்திச் சொல்கிறேன்: ஊசி போடாவிட்டால் கட்டி கொல்லும். ஆனால் பாதுகாப்பான அளவு என்று ஒரு கோடும் இல்லை. பிரஷர் இருந்தால், முன்பே இதய வால்வு கெட்டிருந்தால், இடப்பக்க மார்புக்கு மின்சாரமும் (கதிர்ச் சிகிச்சை) பிடித்திருந்தால், வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தால், குறைந்த அளவிலும் ஆபத்து கூடுகிறது. ஹெர்செப்டின் என்ற இன்னொரு மருந்தை இதனோடு ஒரே சமயத்தில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, 2001ல் வெளிவந்த ஆய்வில் நூற்றுக்கு 27 பேருக்கு இதயம் தளர்ந்தது. அதன் பிறகே இரண்டையும் ஒன்றுக்குப்பின் ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

நான்காவது ஊசி முடிந்து அக்கா டயகமவுக்குத் திரும்புகிறார். மருந்தின் பயணத்தில் யாரும் எழுதாத பகுதி இதுதான். ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில், நாலாயிரம் அடிக்கு மேலே கிடக்கிற ஊர். பனியும் ஈரமும். பஜாரிலிருந்து லயத்துக்குப் போவதென்றாலே ஏற்றம். முடி கொஞ்சம் முளைத்ததும் கையில் காசில்லாததால் மலைக்குப் போகிறார். படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு, நிரையில் நிற்கிறார். மேல் நிரைக்கு ஏறும்போது மூச்சு வாங்குகிறது. யாருக்கும் அது செய்தியில்லை. மருந்து ஏற்றினால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். இரத்தம் குறைவு என்கிறார்கள். அதுவும் பாதி உண்மை, இரத்தச் சோகை மலையகத்துப் பெண்களுக்குப் புதிதில்லை. இரவில் படுத்தால் இருமல். பனிக்குச் சளி பிடித்திருக்கும் என்று கொத்தமல்லித் தண்ணி. சாயந்தரம் கணுக்கால் வீங்கி, விரல் அழுத்தினால் குழி விழுகிறது. நாள் முழுக்க நின்றால் கால் வீங்காதா என்று பக்கத்து வீட்டு அம்மா. தலைக்கு இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை.

மூச்சு வாங்குதல், படுத்தால் இருமல், கால் வீக்கம், உயர்ந்த தலையணை. மருத்துவ மாணவன் நான்கையும் ஒரே தாளில் பார்த்தால் இதயம் தளர்கிறது என்று உடனே எழுதிவிடுவான். மலையில் அவை நான்கு வேறு வேறு காரணங்களுக்குப் பங்கிடப்பட்டுக் காணாமல் போகின்றன. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவருக்கோ பிரதேச வைத்தியசாலை டொக்டருக்கோ திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரதேச வைத்தியசாலை என்ற தரத்தில் இதய நிபுணர் இருப்பதில்லை. எக்கோ, அதாவது இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கிற பரிசோதனை, எடுக்க வேண்டுமென்றால் பெரிய வைத்தியசாலைக்குத்தான் இறங்க வேண்டும். அக்கா கையில் கொடுக்கப்படுகிற கொப்பியில் எழுதியிருப்பது ஆங்கிலம். அந்தக் கொப்பியை எழுதிய இடத்தில் பெரும்பாலும் பேசப்பட்டது சிங்களம். அதைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பவருக்குத் தெரிந்தது தமிழ். அந்தப் பயணத்தில் 240 என்ற எண் எங்கோ விழுந்துவிடுகிறது.

ஊசியை மலைவரை கொண்டுவந்து சேர்த்த இத்தனை பெரிய ஏற்பாட்டில், இந்த ஒரு எண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பது அவ்வளவு கடினமா என்பதுதான் என் ஆற்றாமை.

ஏனென்றால் காலம் ஓடுகிறது. பழையபடி மிலானுக்கே போவோம். மருந்து பிறந்த அதே நகரத்தில், ஐரோப்பியப் புற்றுநோய் நிறுவனத்தில் டானியேலா கார்டினாலே என்ற இதய மருத்துவர் பல வருடமாக இந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். 2010ல் 201 பேரைப் பற்றி எழுதினார். இந்த மருந்தால் இதயம் தளர்ந்தவர்கள். எனலாப்ரில், காவெடிலோல் என்ற சாதாரண இதய மாத்திரைகளைக் கொடுத்தார். மருந்து முடிந்து இரண்டு மாதத்துக்குள் கண்டுபிடித்துத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆறு மாதம் தாண்டித் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் முழுதாகத் திரும்பவில்லை. அதுவரை இந்த நோய் திரும்பாதது என்றே பாடப் புத்தகங்களில் இருந்தது. நோய் உருவாகிறபோதே பார்க்காமல், முற்றிய பிறகு பார்த்ததால் வந்த முடிவு அது. 2015ல் அவரே 2,625 பேரைத் தொடர்ந்து பார்த்து இன்னொன்றைச் சொன்னார்: நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இதயம் பாதிக்கப்பட்டது, அதில் ஏறக்குறைய எல்லாமே முதல் வருடத்துக்குள் எக்கோவில் தெரிந்துவிட்டது. பெரும்பாலும் நோயாளி மூச்சு முட்டி வருவதற்கு முன்னால்.

எனலாப்ரிலுக்கும் ஒரு கதை உண்டு, ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன். பிரேசில் நாட்டு விரியன் பாம்பு கடித்தால் இரத்த அழுத்தம் சடாரென்று விழும். செர்ஜியோ ஃபெரைரா என்பவர் அந்த விஷத்தை ஆராய்ந்தார். அதிலிருந்து 1970களில் கப்டோப்ரில் பிறந்தது. அதன் தங்கச்சிதான் எனலாப்ரில். மண்ணுக்குள் நுண்ணுயிர் காய்ச்சிய விஷத்தால் வந்த காயத்தை, பாம்பின் விஷத்திலிருந்து கற்றுக்கொண்ட மாத்திரை ஆற்றுகிறது. இது விலை கூடிய சரக்கில்லை. பிரஷர் கிளினிக்குக்குப் போகிற எத்தனையோ பேர் வருடக்கணக்காக விழுங்குகிற இனத்து மாத்திரை. மாத்திரை மலையிலேயே இருக்கிறது. அது யாருக்கு எப்போது வேண்டும் என்று சொல்கிற ஆள்தான் இல்லை.

ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022ல் முதன்முறையாக இதற்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. ஊசி தொடங்குமுன் ஒரு எக்கோ, முடிந்து ஒரு வருடத்துக்குள் ஒரு எக்கோ என்பது அதன் குறைந்தபட்சம்; ஆபத்துக் கூடியவர்களுக்கு இடையிலும் எடுக்க வேண்டும், இரத்தத்தில் இதயத் தசைச் சேதத்தைக் காட்டுகிற ட்ரோப்போனின் பார்க்க வேண்டும். டயகமவிலிருந்து இதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு முழு நாள். கட்டி குணமானவருக்கு, நோவில்லாத நெஞ்சைப் படம் பிடிக்க இன்னொரு பேரை இழந்து போ என்று சொன்னால் போவாரா? காரணத்தைத் தமிழில் சொன்னால் போவார் என்றே நான் நம்புகிறேன். மற்ற கிளினிக் நாளோடு சேர்த்து ஒரே நாளில் வைத்துக்கொடுத்தால் இன்னும் நிச்சயமாகப் போவார்.

எக்கோ மெஷின் மலைக்கு வர நாளாகலாம். ஆனால் நகரத்து வைத்தியசாலைகள் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற ஒன்று எங்களிடம் காசில்லாமல் கிடக்கிறது. இதயம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க அங்கே ஆளை ஓடும் பட்டியில் நடக்கவிட்டு, பட்டியைச் சரித்துச் சரித்து ஏற்றமாக்குவார்கள். கொழுந்து எடுக்கிறவருக்குச் சரிவு தினமும் கிடைக்கிறது. அதே லயம், அதே படி, அதே பாரம். எந்தக் கல்லில் போன மாதம் நிற்காமல் ஏறினோம், எந்தக் கல்லில் இந்த மாதம் நின்றோம் என்று அவருக்குத் தெரியும். சளியென்றால் அடுத்த வாரம் நிற்காமல் ஏறிவிடுவார். இதயமென்றால் நிற்கிற கல் கீழே கீழே வந்துகொண்டிருக்கும்.

கொப்பியின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் சேர்த்து நான்கு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. மருந்தின் பெயர் டொக்சோரூபிசின். சதுர மீட்டருக்கு மொத்தம் இத்தனை மில்லிகிராம். கடைசி ஊசி போட்ட திகதி. அடுத்த எக்கோ எந்த மாதம். பொலித்தீன் பையோடு அதைக் கொண்டுபோய்த் தோட்டத்து டிஸ்பென்சரி மேசையில் வைத்தால், எதிரே இருப்பவருக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்:

"அக்கா, போன மாசம் எந்தப் படியில நின்னு மூச்சு வாங்குனீங்க? இப்ப எந்தப் படியில?"